பீப்பாய் அடுப்பும் ரெண்டாம் குக்கும்

சாமிக்கல் தோட்டம்,
பொகவந்தலாவை.
6.2.1955

என் அன்புத் தம்பி முத்துலிங்கத்துக்கு,

அக்கா அம்மாக்கண்ணு எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் இருமல் விட்டுவிட்டது. நுவரெலியாப் பனியில் நீ காதை மூடிக்கொண்டு தூங்குகிறாயா என்று தினமும் கேட்கிறாள். ஆமாம் என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிடு. மூடாவிட்டாலும் அப்படியே எழுது.

இங்கே பெரிய மாற்றம். பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். பங்களாவின் பெரிய குக்கும் இனி யாருக்குச் சமைப்பது என்று கொழும்பில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். புதுத் துரை வந்து மூன்று வாரம் ஆகிறது. குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "ஆறு மாசம் நீ சமை. நல்லா இருந்தா நீதான் குக். இல்லாட்டி கொழும்புல இருந்து ஆள் வரும்" என்று சொன்னார். பொம்பளை குக் எந்தப் பங்களாவில் உண்டு என்று தோட்டத்து வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா சிரிக்கிறார். சிரிக்கட்டும். எனக்கு இது கிடைத்துவிட வேண்டும் தம்பி. கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து போன முழங்கால் உனக்குத் தெரியும். மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு அந்த மலை ஏற என்னால் ஆகாது.

துரைசானி அமெரிக்காக்காரி. டெக்சாஸ் என்று ஏதோ ஊர். சூப்பு, ரோஸ்ட், புடிங் எல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டேன். போன வாரம் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மாட்டு விலா எலும்பு முழு வரிசையாக, கம்பி வலை மேலே. கீழே நெருப்பு. மேலே மூடி. சுற்றிலும் புகை. குசினிக்குள் இல்லை, பங்களாவுக்குப் பின்னால் வெளியிலே செய்ய வேண்டுமாம். அவருடைய அப்பா ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக் கொல்லையில் இப்படித்தான் செய்வாராம். படத்தைக் காட்டும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், கல்யாணமாகி வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

துரை சொல்லி, தேயிலை ஸ்டோரில் மெஷின் பிட்டர் வேலை பார்க்கும் கணேசமூர்த்தி ஒரு தார்ப் பீப்பாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, நாலு கால் வைத்து, மூடி மாட்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அது கொல்லையில் நின்று என்னையே பார்க்கிறது.

நம் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. பங்களாவில் ஆறு வருஷமாக அதைக் கழுவி வெட்டிக் கொடுத்திருக்கிறேனே தவிர, வாயில் வைத்ததில்லை. இனியும் வைக்கப்போவதில்லை. ருசி பார்க்க முடியாத ஒன்றை எப்படிச் சமைப்பேன்? நீ பெரிய ஹோட்டலில் ரெண்டாம் குக். என்ன விறகு, எவ்வளவு நேரம், என்ன மசாலை எல்லாம் விவரமாக எழுது.

உன் பதிலுக்குப் பீப்பாயோடு காத்திருக்கும்,
அக்கா

---

நுவரெலியா.
14.2.1955

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கம்.

உங்கள் முழங்காலும் அம்மாவின் நெஞ்சும் நல்லபடியாக இருக்க அம்மன் துணை. எனக்கு ஒரு குறையும் இல்லை. காதை மூடிக்கொண்டுதான் தூங்குகிறேன்.

இதற்கா இவ்வளவு யோசனை? விலா எலும்புப் புகையல் இங்கே வாரம் தவறாமல் நடக்கிறது. எங்கள் பெரிய குக் சோமபால மாத்தயாவே அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ய மாட்டார்.

முக்கியம் விறகு. வாசனையான மரமாக இருக்க வேண்டும். பங்களா ரோட்டில் தைலமரம் வரிசையாக நிற்கிறதே, அதன் கிளைகளை வெட்டிப் போடுங்கள். இலையோடு போட்டால் இன்னும் விசேஷம். நெருப்பு நன்றாக எரிய வேண்டும். ஒரு மணி நேரம் போதும். மசாலை, பங்களாவில் இருக்கிறதில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். துரைசானி உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார், பாருங்கள்.

வேலை அதிகம், இத்துடன் நிறுத்துகிறேன்.

தங்கள் தம்பி,
முத்துலிங்கம்

---

சாமிக்கல் தோட்டம்.
28.2.1955

என் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இரு. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ எழுதியபடியே செய்தேன். தைலமரக் கிளை, இலையோடு. நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்தது. புகை நேராக நாங்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போக, சளி பிடித்த பிள்ளைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்து ஆவி பிடிக்க வேலி ஓரம் நிறுத்திவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தேன். வெளியே கரி, உள்ளே பச்சை. துரை ஒரு வாய் வைத்தார். மென்றார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கை நன்றாகச் சிந்திவிட்டு, "அம்மாக்கண்ணு, ரெண்டு வாரமா அடைச்ச மூக்கு தொறந்துக்கிச்சு" என்றார். துரைசானி சிரித்துச் சிரித்து மேசையிலேயே சாய்ந்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் நேற்றே என் பெட்டியைக் கட்டச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஹோட்டலில் வேறு ஜாதித் தைலமரம் வைத்திருக்கிறீர்களோ? சோமபால மாத்தயாவிடம் நன்றாகக் கேட்டு எழுது. அம்மா ஒரு கட்டளை போட்டிருக்கிறாள்: "கோயில் பக்கம் காத்து அடிக்கிற அன்னைக்கு அந்தப் பீப்பாயை மூட்டாதே." ஆகவே இப்போது கொடியில் ஒரு துணியைக் கட்டிவிட்டுக் காற்று பார்த்துத்தான் அடுப்பு.

மூக்கு நிறையத் தைல வாசனையோடு,
அக்கா

---

நுவரெலியா.
24.3.1955

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். சுகம். பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். ஏப்ரல் சீசனுக்கு ஹோட்டலில் வெள்ளையடிக்கிறார்கள், கையெழுத்துப் போடக்கூட நேரமில்லை.

விறகு விஷயத்தில் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. உங்கள் ஊர் மரத்தைப் பற்றி இங்கிருந்து நான் எப்படிச் சொல்ல முடியும்? துரைசானியிடமே கேட்டுக்கொள்வது நல்லது. அவர் அப்பா செய்வதைப் பார்த்தவர் அல்லவா.

அம்மாவுக்கு ஒரு கம்பளித் துணி வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

தம்பி,
முத்துலிங்கம்

---

சாமிக்கல் தோட்டம்.
12.4.1955

அன்புத் தம்பிக்கு,

சித்திரை பிறக்கப் போகிறது. வருஷம் உனக்கு நல்லதாக விடியட்டும். நீ நம் லயத்துப் பழனியாண்டியிடம் கொடுத்தனுப்பிய கம்பளித் துணி வந்து சேர்ந்தது. அம்மா அதைப் போர்த்திக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள், யாராவது "எங்க வாங்கினீங்க?" என்று கேட்கட்டும் என்று. எல்லாரும் கேட்டார்கள். "எம்மவன் ரெண்டாம் குக்குல்ல" என்று பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

பழனியாண்டி ஒன்று சொன்னான். உன் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, கை வெள்ளை வெளேரென்று ஊறிக் கிடக்கிறதாம். நெருப்பு வேலை அப்படித்தான் போலிருக்கிறது. நல்லெண்ணெயில் மஞ்சள் காய்ச்சி ஒரு போத்தலில் அடைத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். படுக்கும்முன் தடவிக்கொள்.

நீ சொன்னது சரி. துரைசானியிடமே கேட்டேன். அவருக்குத் தமிழில் தெரிந்தது பத்து வார்த்தை. அதில் "மெதுவா" என்பதை நூறு தரம் சொன்னார். நெருப்பு பீப்பாயின் ஒரு ஓரத்தில், இறைச்சி மறு ஓரத்தில். சுவாலை கூடாது, தணல்தான். இரண்டு பேரும் விறகு தேடித் தோட்டம் முழுக்க நடந்தோம். மிலாறு, அதுதான் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, பற்றவைக்க நன்றாக இருக்கிறது, ஆனால் நின்று எரியாது. பத்தாம் நம்பர் மலையில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். அந்த வேர்க்கட்டை காய்ந்தால் இரும்பு மாதிரி. அதன் தணல் அரை நாள் நிற்கிறது. அதன்மேல் லயத்துக் கொய்யாக் கட்டை இரண்டு. புகை நீலமாக, மெல்லிசாக எழுந்தது. துரைசானி கண்ணை மூடிக்கொண்டு அதை முகர்ந்துவிட்டு, "அப்பா" என்றார், தமிழிலேயே.

அன்று காலை ஆட்களைக் கூட்டும் பெரட்டுத் தப்பு அடிக்கும்போது நெருப்பு மூட்டி, பகல் ஒரு மணிக்கு இறைச்சியை எடுத்தேன். சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் வெள்ளைக்காரர்கள் எதையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மறுவாரமும் செய்தேன், அதற்கும் அதே வார்த்தை. எனக்குத்தான் இரண்டில் எது நல்லது என்று தெரியவில்லை. ருசி பார்க்காத குக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி. நீ எப்படித் தெரிந்துகொள்வாய்? அதை மட்டும் சொல்லு.

காற்று பார்த்து அடுப்பு மூட்டும்,
அக்கா

---

நுவரெலியா.
20.5.1955

அன்புள்ள அக்காவுக்கு,

சீசன் முடிந்தது. நான் உயிரோடு இருக்கிறேன். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். எண்ணெய்ப் போத்தல் கிடைத்தது. கை இப்போது பரவாயில்லை.

நீங்கள் கேட்ட கேள்வியை ஒரு மாதமாக மனதில் வைத்துக்கொண்டே இருந்தேன். இதற்கு எனக்குப் பதில் தெரியும் அக்கா.

வாயைக் கேட்காதீர்கள், திரும்பி வரும் தட்டைப் பாருங்கள். சாப்பிடுகிறவர்கள் மரியாதைக்கு என்னவும் சொல்வார்கள், தட்டு பொய் சொல்லாது. எலும்போடு இறைச்சி ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும். எலும்பு தனியே கழன்று, இறைச்சி நார் நாராகத் தட்டில் கிடந்தால் அதிக நேரம் வைத்துவிட்டீர்கள். ஓரத்தை வெட்டி ஒதுக்கியிருந்தால் அங்கே கரி கசக்கிறது, நெருப்பு கிட்டத்தில் இருக்கிறது. கொழுப்பை ஒதுக்கியிருந்தால் அது உருகவில்லை. தண்ணீர்க் குவளை இரண்டு தரம் காலியானால் உப்பு அதிகம். தட்டில் ரொட்டியால் துடைத்த தடம் இருந்தால் அக்கா, அந்தச் சமையலை மாற்றவே மாற்றாதீர்கள். எலும்பில் பல் தடம் வரிசையாக இருந்தால், சாப்பிட்டவர் கத்தியையும் முள்ளையும் கீழே வைத்துவிட்டுக் கையால் தின்றிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு துரை அப்படித் தின்றால் அதற்கு மேல் ஒரு சர்டிபிகேட் இல்லை.

இங்கே ஒரு நாளைக்கு முந்நூறு தட்டு வரும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

தம்பி,
முத்து

---

சாமிக்கல் தோட்டம்.
26.6.1955

என் கெட்டிக்காரத் தம்பிக்கு,

சுகம், சுகம், சுகம். ஒரு மாதமாக மழை விடவில்லை. பீப்பாய்க்கு மேலே கணேசமூர்த்தி நாலு தகரம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதன் கீழே சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறேன்.

உன் கடிதத்தை மடித்து மடித்துக் கிழியும் அளவுக்குப் படித்துவிட்டேன். மேசை துடைக்கும் ஆளிடம், "தட்டை வழிக்காம அப்படியே கொண்டா" என்று சொல்லிவைத்தேன். முதல் ஞாயிறு துரையின் எலும்பில் இறைச்சி ஒட்டியிருந்தது. அடுத்த வாரம் ஒரு மணி நேரம் கூட்டினேன். துரைசானி ஓரத்தை ஒதுக்கியிருந்தார். தணலை ஒரு சாண் தள்ளினேன். மூன்றாவது வாரம் தண்ணீர்க் குவளை காலி. உப்பில் ஒரு கரண்டி குறைத்தேன், மிளகைக் கூட்டினேன். போன ஞாயிறு தட்டு வந்தது பார், எலும்பெல்லாம் வெள்ளை வெளேரென்று, வரிசையாகப் பல் தடம். இரண்டு தட்டிலும்! குசினியில் தனியாக நின்று கைதட்டிவிட்டேன்.

சத்தம் கேட்டுத் துரைசானி ஓடி வந்தார், பின்னால் துரையும். தட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். துரை மொழிபெயர்த்தார். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். சும்மா இருப்பேனா? "எந்தம்பிங்க. நுவரெலியாவுல பெரிய ஹோட்டல்ல ரெண்டாம் குக்குங்க" என்றேன்.

இப்போது கேள். துரைசானியின் அப்பா ஆகஸ்ட்டில் கப்பலில் வருகிறார். டெக்சாஸ்காரர், இதே வேலையில் ஊறியவர். ஆகஸ்ட் 28 ஞாயிறு அவருக்கு விருந்து. இருபது பேர். அதற்குள் என் ஆறு மாதமும் முடிந்திருக்கும். துரை சொல்லிவிட்டார்: "உன் தம்பி ரெண்டு நாள் வரட்டும். நான் ஹோட்டல் மனேஜருக்கு டெலிபோன் பண்ணி ரெண்டாம் குக்கைக் கேட்கிறேன்." அம்மாவுக்குச் சந்தோஷத்தில் நிற்க முடியவில்லை. உடனே பதில் எழுது.

உன்னை எதிர்பார்த்து,
அக்கா

---

சாமிக்கல் தோட்டம்.
24.7.1955

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மழையில் தபால் தங்கிவிட்டதா? உடம்புக்கு ஏதும் இல்லையே? துரை ஆகஸ்ட் முதல் வாரம் டெலிபோன் பண்ணுவார். அதற்கு முன் எழுது. வர இஷ்டமில்லை என்றாலும் எழுது.

அக்கா

---

நுவரெலியா.
29.7.1955

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனம்தான் சரியில்லை. துரை டெலிபோன் பண்ணாமல் எப்படியாவது தடுத்துவிடுங்கள். இங்கே ரெண்டாம் குக் முத்துலிங்கம் என்று யாரும் கிடையாது.

நான் பாத்திரம் கழுவுகிறேன் அக்கா. மூன்று வருஷமாக அதுதான் வேலை. வந்த அன்று சோமபால மாத்தயா, "ஒரு மாசம் கழுவு, பொறகு அடுப்புக்கு எடுக்கிறேன்" என்றார். அந்த மாதம்தான் அம்மாவுக்குக் காய்ச்சல் கடுமையாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சந்தோஷமாக ஏதாவது கேட்டால் எழுந்து உட்காருவாள் என்று ரெண்டாம் குக் ஆகிவிட்டேன் என எழுதினேன். எப்படியும் ஒரு மாதத்தில் அடுப்புப் பக்கம் போய்விடுவோம், பொய் நிஜமாகிவிடும் என்று நினைத்தேன். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். நான் தொட்டியடியிலேயே நின்றுவிட்டேன். எல்லாரும் மறந்துவிட்டார்கள், நானும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு என்ன எழுதுவது?

தைலமரம் என்றது என் வாய்க்கு வந்தபடி எழுதியது. அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். உங்கள் வேலையோடு விளையாடிவிட்டேன். தட்டைப் பற்றி எழுதியது மட்டும் பொய் இல்லை. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். அல்லது சொல்லாதீர்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

முத்துலிங்கம்

---

சாமிக்கல் தோட்டம்.
3.8.1955

அன்புள்ள முத்துவுக்கு,

சுகம்தான். ஆனால் உன் கடிதம் வந்த அன்று அரை நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மறு அரை நாள் என்மேல். உன் கையைப் பற்றிப் பழனியாண்டி சொன்னபோதே மனதில் ஒன்று இடறியது. நெருப்புக் கை அப்படி ஊறாது என்று எனக்குத் தெரியாதா? கேட்டால் நீ என்ன சொல்வாயோ என்று பயந்து எண்ணெய் காய்ச்சினேன். நாம் இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் துரைசானியிடம் போய் நின்றேன். துரையும் இருந்தார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். "எந்தம்பி குக் இல்லைங்க. தட்டுக் கழுவுறான். பொய் சொல்லிட்டான். நான் தெரியாம உங்ககிட்ட அதைச் சொல்லிட்டேன்." துரை மொழிபெயர்த்து முடிக்கும்முன்னே துரைசானி கையை உயர்த்தி ஏதோ கேட்டார். துரை சிரித்தார். "தட்டைப் பத்தி எழுதினது யாருன்னு கேக்கிறாங்க."

"அது அவன்தாங்க."

"அப்ப அவன்தான் வேணுமாம். குக் வேணாம். குக் நீ இருக்கியே."

டெலிபோன் பண்ணியாகிவிட்டது தம்பி. ரெண்டாம் குக்கை யாரும் கேட்கவில்லை. தட்டுக் கழுவும் முத்துலிங்கத்தை, பெயர் சொல்லி, இரண்டு நாளைக்குக் கேட்டிருக்கிறார்கள். மனேஜர் ஆச்சரியப்பட்டுச் சரி என்றாராம். விருந்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை காலை நானுஓயாவில் ரயில் ஏறி ஹட்டனில் இறங்கு, பஸ் இருக்கும். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்த்து.

நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வா, கொல்லையெல்லாம் சேறு.

அக்கா

---

நுவரெலியா.
18.9.1955

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள். கடைசி பஸ்ஸுக்கு ஓடியதில் உங்களிடம் ஒன்றும் பேச முடியவில்லை. நீங்கள் காலை நாலரை மணியிலிருந்து பீப்பாயை விட்டு நகரவில்லை. நான் முன் வராந்தாவில் தட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதல் கால் மணி நேரம் துரைமார் கத்தியாலும் முள்ளாலும் போராடினார்கள். பெரியவர், துரைசானியின் அப்பா, யாரையும் பார்க்காமல் எலும்பைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான். வரிசையாக எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். பொகவந்தலாவைத் துரைமாரின் மீசையெல்லாம் எண்ணெய். நான் தட்டுகளை எடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெள்ளை. பல் தடம். ரொட்டித் தடம். பத்தொன்பது தட்டும் அப்படித்தான்.

இருபதாவது பெரியவருடையது. நாலு எலும்பு சுத்தம். ஐந்தாவது தொடாமல், முழு இறைச்சியோடு அப்படியே கிடக்கிறது. எல்லாரும் மெச்சி என்ன, இவருக்காகத்தானே இத்தனையும். எங்கே தவறு, உப்பா, புகையா என்று யோசித்துக்கொண்டே தட்டை எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. இரும்புப் பிடி. ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. துரைதான் சொன்னார்: "முத்துலிங்கம், வை அதை! பெரிசா இருக்கிறதைக் கடைசிக்கு வச்சிருக்காரு. திருடப் பாத்தியான்னு கேக்கிறாரு." மேசையே சிரித்தது. நான்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தேன்.

மறுநாள் இங்கே தொட்டியடியில் நின்றபோது சோமபால மாத்தயா வந்தார். சீசன் இல்லாத நாளாக இருந்தும் லீவு போட்டதற்குக் கோபம். "பெரிய ஆள் ஆகிட்டியா, தட்டுக் கழுவக் கூடவா உன்னைக் கூப்பிடுறாங்க?" என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! "மாத்தயா, போன வாரத்துல இருந்து உங்க ஆட்டிறைச்சி ஸ்டூவுல உருளைக்கிழங்கு எல்லாம் திரும்பி வருது. நடு வேகலை" என்றேன். குனிந்து தொட்டியில் ஒரு கிழங்கை எடுத்து அழுத்திப் பார்த்தார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து தினமும் பகல் சாப்பாடு முடிந்ததும் வந்து, "இன்னைக்கு என்ன திரும்பி வந்துச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார். நானும் உள்ளதைச் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டு உடனே போகவில்லை. ஒரு ஏப்ரனைத் தொட்டி விளிம்பில் போட்டார். "ஒரு மாசம்னு சொன்னேன். மறந்துட்டேன். நீயும் ஞாபகப்படுத்தல" என்றார்.

நாளை முதல் நான் மூன்றாம் குக். அக்கா, நிஜமாகவே மூன்றாம் குக். நம்பிக்கை இல்லாவிட்டால் துரையை விட்டு டெலிபோன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று அம்மாவிடம் நான் சொன்னபோது அவள் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. அவள் என்ன சொல்கிறாள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

தங்கள் தம்பி,
முத்துலிங்கம்

---

சாமிக்கல் தோட்டம்.
27.9.1955

அன்புள்ள மூன்றாம் குக்குக்கு,

எல்லாரும் நல்ல சுகம். மழை விட்டு வெயில் தலைகாட்டுகிறது.

நீ பஸ்ஸுக்கு ஓடிய பிறகு நடந்ததைக் கேள். துரைசானியின் அப்பா பின்கட்டுக்கு வந்தார். ஒரு தேயிலைப் பெட்டியை இழுத்துப் போட்டு பீப்பாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார், வேர்க்கட்டைத் தணலைக் கிளறினார், கொய்யாக் கட்டையை முகர்ந்து பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார், மகள் துரையிடம் சொல்ல, துரை என்னிடம் கேட்டார்: "எந்த நேரத்துல நீ ருசி பாக்கிறேன்னு கேக்கிறாரு." நான், "அது எங்க வழக்கத்துல இல்லைங்க. நான் சாப்பிட மாட்டேன்" என்றேன். அது மூன்று வாய் மாறி அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்ததும் மனிதர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிவிட்டார். எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கும் கையைக் கூப்பத்தான் தோன்றியது, கூப்பினேன்.

மறுநாள் காலை துரை குசினி வாசலில் நின்று, "கொழும்புக்கு எழுதலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஆட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலில் இப்போது என் பெயருக்கு எதிரே 'குக்' என்று இருக்கிறது. கண்டாக்கு ஐயா கையாலேயே எழுதினார். எழுதும்போது சிரிக்கவில்லை.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ போன பிறகு மூன்று நாள் உம்மென்று இருந்தாள். நாலாம் நாள் என்னிடம், "காய்ச்சல்ல படுத்திருந்தப்ப அவன் அப்படி எழுதலைன்னா நான் எந்திரிச்சிருப்பேனாடி?" என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது" என்றாள். அதோடு கோபம் முடிந்துவிட்டது.

உன் கடிதம் வந்ததும் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் குக் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். கம்பளித் துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, வெயிலில், குடத்தைக்கூட எடுக்காமல் பீலிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன், ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லிவிடப் போகிறாளே என்று. அங்கே பெண்கள் எல்லாம் தண்ணீருக்கு நிற்கிறார்கள். அவர்கள் நடுவில் நின்றுகொண்டு சொன்னாள்:

"எம்மவனுக்கு வேலை உசந்திருச்சு. இத்தனை நாளும் ரெண்டாம் குக்கு. இப்ப மூணாக்கிட்டாங்க!"

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நானும் திருத்தப் போகவில்லை. நீ நாலாம் குக் ஆகாமல் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
அக்கா, குக், சாமிக்கல் பங்களா